சொல்ல மறுத்த சாட்சிகள்: ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விளையாட்டும் அதன் கருத்துரைகளும்

(நீண்ட பதிவு. வரலாற்று ஆய்வு முறையியலில் ஆர்வமுள்ள மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

வாசிப்பின் வரலாற்றை எழுதுவோருக்கு ஒரு பழைய குறை உண்டு. நூல்கள் கிடைக்கின்றன, அவற்றை வாசித்தவர்களின் மனம் கிடைப்பதில்லை. ஓரக்குறிப்பு, கடிதம், நாட்குறிப்பு, நூலகத்தின் இரவல் பதிவேடு என்று சிதறிக் கிடக்கும் எச்சங்களைப் பொறுக்கியெடுத்துத்தான், ஒரு காலத்து வாசகர் ஒரு நூலை எவ்வாறு ஏற்றார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இணையக் காலத்தில் இக்குறை தீர்ந்துவிட்டதாகப் பொதுவாக நம்பப்படுகிறது. எல்லோரும் எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆகவே சான்றுக்குப் பஞ்சமில்லை என்பது வாதம். இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. 2019இல் வெளிவந்த இந்த அறிவியல் புனைவு விளையாட்டைப் பற்றி ஆட்டக்காரர்கள் பல்லாயிரக்கணக்கில் கருத்துரை எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் உச்சமாகப் புகழ்பவை பலவும் ஒரே கூற்றின் மாற்று வடிவங்கள்தாம்: இதைப் பற்றி எதையும் படிக்காதே, எவரிடமும் கேட்காதே, போய் விளையாடு.

சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, கண் கலங்க, ‘கண்டேன், ஆனால் சொல்லமாட்டேன்’ என்பவரின் வாக்குமூலத்தை என்ன செய்வது?

விளையாட்டுத் துறையோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சில அடிப்படைச் செய்திகள். அவுட்டர் வைல்ட்ஸ் பிறந்த இடம் ஒரு பல்கலைக்கழகம். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்த அலெக்ஸ் பீச்சம் தம் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டமாக இதைத் தொடங்கினார். பின்னர், ‘ஹீரோஸ்’ தொலைக்காட்சித் தொடரின் நடிகராகப் பலரும் அறிந்த மாசி ஓக்கா நிறுவிய மோபியஸ் டிஜிட்டல் அதை முழு விளையாட்டாக வளர்த்தது. உரைகளை எழுதியவர் அலெக்ஸின் சகோதரி கெல்சி பீச்சம். வெளியிட்டது அன்னபூர்ணா இன்டராக்டிவ்.

ஆட்டக்காரர் ஏற்பது, நான்கு கண்கள் கொண்ட ஓர் இனத்தைச் சேர்ந்த இளம் விண்பயணியின் வேடம். மரமும் உலோகமும் ஒட்டுப்போட்டுச் செய்தது போன்ற ஒரு சிறு கலம் அவருக்குத் தரப்படுகிறது. சூரியக் குடும்பமும் சிறியது. ஒரு கோளிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். வெகுகாலத்துக்கு முன் அங்கு வாழ்ந்து மறைந்த நோமாய் என்னும் இனத்தார் சுவர்களிலும் கற்களிலும் எழுதிச்சென்றவற்றைக் கையடக்க மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன் படிப்பதே முதன்மையான செயல். 22 நிமிடங்கள் கழிந்ததும் அனைத்தும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். காலச் சுழல் ஒன்று உண்டு என்பதை வெளியீட்டாளரே தம் அறிமுகத்தில் சொல்லியிருப்பதால் நானும் சொல்கிறேன். அது ஏன், எதனால் என்பதை இப்பதிவு சொல்லாது. விளையாட்டின் தொடக்கப் பகுதியில் எவரும் காணக்கூடியவற்றைத் தாண்டி நான் போகப்போவதில்லை. தாண்ட நேரும் ஓரிரண்டு இடங்களில் முன்னறிவிப்புத் தருவேன்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு விளையாட்டின் அமைப்பே காரணம். பெரும்பாலான விளையாட்டுகளில் ஆட்டக்காரர் எதையேனும் சேர்க்கிறார்: ஆயுதம், பணம், ஆற்றல், சாவி. அவுட்டர் வைல்ட்ஸில் சேர்க்கத் தக்கது எதுவும் இல்லை. ஒவ்வொரு சுழலின் முடிவிலும் கைப்பொருள் அனைத்தும் போய்விடும். தங்குவது தெரிந்துகொண்டது மட்டும். கலத்திலுள்ள பதிவேடு கண்டறிந்த செய்திகளை ஒன்றோடொன்று கோடிட்டு இணைத்துக் காட்டும். அதுவும் ஒரு நினைவூட்டல்தான். எல்லாம் அறிந்த ஒருவர் புதிதாகத் தொடங்கினால் ஒரே சுழலுக்குள் முடிவை எட்டிவிடலாம். அறியாதவருக்கு இருபது மணி நேரம் ஆகலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது அறிவு ஒன்றே. ஆகவே இங்கு ஒரு செய்தியைச் சொல்வது, கேட்பவர் தம் உழைப்பால் பெற்றிருக்க வேண்டிய ஒரே உடைமையைப் பறித்துக்கொள்வதற்குச் சமம். துப்பறியும் கதையின் கொலையாளியை முன்கூட்டியே சொன்னாலும் கதையை வாசிக்க முடியும். நடையை, பாத்திரங்களை ரசிக்கலாம். இங்கு அது முடியாது. செய்தி தெரிந்துவிட்டால் விளையாட ஒன்றும் மிஞ்சாது.

முடிவைச் சொல்லாதிருக்கும் வழக்கம் புதிதன்று. லண்டனில் 1952இல் அரங்கேறிய அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ நாடகத்தின் இறுதியில், குற்றவாளியை வெளியில் சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்ளும் மரபு உண்டு. 1955இல் வந்த கிளூசோவின் பிரெஞ்சுப் படம் ‘லே தியாபோலிக்’ அதே வேண்டுகோளை எழுத்தாகத் திரையில் காட்டி முடிந்தது. 1960இல் ‘சைக்கோ’வுக்கு ஹிட்ச்காக் செய்த ஏற்பாடுகள் திரைப்பட மாணவர் அனைவரும் அறிந்தவை. (நம் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொன்னதும் இவ்வகைதான், அங்கே நோக்கம் இன்னும் வெளிப்படையாக வணிகம்.) இவை எல்லாவற்றிலும் மௌனத்தைக் கோரியவர் படைப்பின் உடைமையாளர். பார்வையாளர் கீழ்ப்படிந்தார்.

வீடியோ விளையாட்டின் வரலாறோ இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. அங்கே உடைமையாளர்கள் இரகசியத்தை விற்றார்கள். எழுத்துவழி விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் 1980களில் ‘இன்விசிக்ளூஸ்’ என்ற குறிப்புநூல் வரிசையை வெளியிட்டது. கேள்விகள் கண்ணுக்குத் தெரியும். விடைகள் புலப்படாத மையில் அச்சாகியிருக்கும். உடன் வரும் சிறப்புப் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து எழும். ஒரே கேள்விக்கு முதலில் மெல்லிய சாடை, அடுத்து சற்றுத் தெளிவான குறிப்பு, கடைசியில் முழு விடை என்று படிப்படியான ஏற்பாடு. கேள்விகளைப் படிப்பதாலேயே இரகசியம் தெரிந்துவிடக்கூடாதே என்று, விளையாட்டில் இல்லாத பொருள்களைப் பற்றிய பொய்க் கேள்விகளையும் கலந்து வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அச்சுப் பொருள்களுள் இதுவும் ஒன்று: வாசகரின் ஆவலுக்கும் வாசகரின் மானத்துக்கும் ஒருசேர மரியாதை தந்த நூல். 1980களின் பிற்பகுதியில் நின்டென்டோ நிறுவனம் தொலைபேசியில் வழிசொல்ல ஆலோசகர்களையே அமர்த்தியது. தெரியாமை என்பது தீர்த்துவைக்க வேண்டிய குறையாகவும் அதனாலேயே வருவாய் தரும் பண்டமாகவும் இருந்த காலம் அது.

‘ஸ்பாய்லர்’ என்ற சொல் இன்றைய பொருளில் அச்சேறியது 1971 அளவில், ‘நேஷனல் லாம்பூன்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில். புகழ்பெற்ற கதைகளின் முடிவுகளை வரிசையாகப் போட்டு உடைத்த ஒரு கேலிக் கட்டுரை. பின்னர் யூஸ்நெட் குழுக்களில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக 13 இடம் தள்ளியுள்ள எழுத்தை இட்டு உரையைக் குழப்பி எழுதும் எளிய மறைமொழி பழக்கத்துக்கு வந்தது. உடைக்க எவருக்கும் இயலும். ஆனால் தவறுதலாகக் கண்ணில் படாது. இன்று தளங்கள் வழங்கும் கறுப்புத் திரை, அதாவது தொட்டால் மட்டும் விலகும் மறைப்பு, அந்த மறைமொழியின் வாரிசு.

அவுட்டர் வைல்ட்ஸ் ஆட்டக்காரர்கள் இவ்விரு மரபுகளையும் ஏற்று ஒன்றாக்கினார்கள். நாடகப் பார்வையாளரின் மௌனத்தை எவர் கட்டாயமும் இன்றித் தாமே சுமந்தார்கள். இன்ஃபோகாம் விற்ற படிப்படியான சாடையை விலையின்றித் தந்தார்கள். வழி தெரியாமல் நிற்கும் புதியவர் ஒருவர் உதவி கேட்டால் அவருக்கு விடை கிடைப்பது அரிது. பெரும்பாலும் மறுகேள்விதான் கிடைக்கும். அந்த அறையில் வேறென்ன பார்த்தீர்கள்? பதிவேட்டில் ‘இன்னும் உண்டு’ என்று எங்கேனும் காட்டுகிறதா? அதே இடத்துக்கு வேறொரு நேரத்தில் போய்ப் பார்த்தீர்களா? நல்ல நெறியாளர் ஒருவர் ஆய்வு மாணவரிடம் நடந்துகொள்ளும் முறை இது. ஆய்வேட்டில் பிறந்த விளையாட்டுக்குப் பொருத்தம்தான்.

இனி, கருத்துரைகளைக் கால அடுக்குகளாகப் பிரித்துப் பார்ப்போம். முதல் அடுக்கு மெல்லியது. முழுமையடையாத முன்வடிவம் இலவசமாகக் கிடைத்தது. 2015இல் சுயாதீன விளையாட்டு விழாவின் உயரிய பரிசான ஷேமஸ் மெக்நல்லி பரிசை அது வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், ‘ஃபிக்’ என்னும் புதிய நிதிதிரட்டும் தளத்தின் முதல் திட்டமாக இது அறிவிக்கப்பட்டு, இலக்காகிய 1,25,000 டாலரை எட்டியது. அப்போதைய ஆதரவாளர்கள் தங்கள் கருத்தைப் பணமாகவும் எழுதினார்கள் என்று சொல்லலாம். கதை முழுமை பெறாத நிலையிலேயே, அக்கதை தங்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை ஊகித்து முன்வந்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் அடுக்கு கூச்சல் நிறைந்தது. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் தன் இணையக் கடையைத் திறந்து, சில விளையாட்டுகளின் கணினிப் பதிப்பைத் தன்னிடம் மட்டுமே விற்க ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது. அவுட்டர் வைல்ட்ஸும் அதில் ஒன்று. ஃபிக் வழியே பணம் தந்தோருக்கு முன்பு சொல்லப்பட்டிருந்தது ஸ்டீம் பதிப்பு. 2019 மே மாத வெளியீடு நெருங்கியபோது ஆதரவாளர்களிடையே சினம் எழுந்தது. ஸ்டீம் பதிப்பு 2020 ஜூனில்தான் வந்தது. ஆக, வெளியீட்டை ஒட்டிய காலத்தில் எழுந்த உரத்த குரல்களில் ஒரு பகுதி விளையாட்டைப் பற்றியதே அன்று. கொடுத்த வாக்கைப் பற்றியது.

இத்தகைய குரல்களை இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டு ‘உண்மையான’ அழகியல் கருத்துகளுக்குப் போய்விடும் போக்கு பண்பாட்டு ஆய்வில் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. நூல் வரலாற்றில் விலை, தாள், அஞ்சல் தாமதம் பற்றிய முறைப்பாடுகளை நாம் சான்றாகக் கொள்கிறோம். இங்கு மட்டும் ஏன் கூடாது? மேலும், இந்த அடுக்கில்தான் ஆட்டக்காரர்கள் தயக்கமின்றி முழு வாக்கியங்களில் பேசினார்கள். கடையைப் பற்றிப் பேசினால் கதை கெடாது. பொறாமைப்பட்டுக் காக்க வேண்டிய இரகசியம் இல்லாத இடத்தில் நா தாராளமாக இயங்குகிறது.

ஒரு சிறு இடையூறும் இந்த அடுக்கில் உண்டு. அதே 2019 அக்டோபரில் அப்சிடியன் நிறுவனத்தின் ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ வெளிவந்தது. இரண்டும் விண்வெளி, இரண்டும் அறிவியல் புனைவு, பெயரில் ஓரிரண்டு எழுத்தே வேறு. ஒன்றைப் பற்றிய பேச்சு மற்றொன்றின் கீழ் வந்து விழுந்தது, இன்றும் விழுகிறது. இரு புலவர்கள் ஒரே பெயரில் இருந்தால் பதிப்பாசிரியர் படும் பாடு நமக்குத் தெரியும். வெறும் சொல் தேடலால் கருத்துகளைத் திரட்டி எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு ஸ்டீம் கருத்துரைகள். எண்ணிக்கையில் பெரியது, வடிவத்தில் கடுமையான வரம்புகள் உள்ளது. 2013 இறுதியில் தொடங்கிய அம்முறையில் கருத்து என்பது முதலில் ஓர் ஆம் அல்லது இல்லை: பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை. உரை அதற்குப் பின்னால் வருகிறது. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதைத் தளமே பக்கத்தில் பொறித்துவிடும். எந்தக் காலத்து மதிப்புரையாளருக்கும் இப்படி ஒரு சாட்சிச் சான்றிதழ் இருந்ததில்லை. நூலை எத்தனை பக்கம் படித்தார் என்று நாளிதழ் அச்சிட்டதில்லையே! அத்துடன், 2015 முதல் ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி நிறுத்தியவர், வாங்கிய இரு வாரங்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். அவுட்டர் வைல்ட்ஸோ முதல் இரண்டு மணி நேரத்தில் தன்னை எளிதில் காட்டிக்கொள்ளாத விளையாட்டு. இந்த இரண்டு ஏற்பாடுகளும் மோதும் இடத்தில் ஒரு கூட்டம் மௌனமாகக் கழன்றுகொள்கிறது. அவர்களுள் கருத்து எழுதாமல் போனவர்களைப் பற்றி நம்மிடம் ஒன்றுமில்லை. இது விளையாட்டைக் காப்பவர்களின் மௌனம் அன்று. விளையாட்டிலிருந்து வெளியேறியவர்களின் மௌனம். இரண்டையும் குழப்பக்கூடாது.

எழுதிவிட்டுப் போனவர்களின் குறைகள் வகைப்படுத்தக் கடினமானவை அல்ல. எங்கே போவது என்று தெரியவில்லை. கலத்தை ஓட்டுவது எரிச்சலூட்டுகிறது. தானியங்கி வழிகாட்டி குறுக்கே சூரியன் இருப்பதைப் பொருட்படுத்தாமல் நேரே அதற்குள் கொண்டுபோய்ச் செருகுகிறது (இது உண்மை, அன்பர்களும் இதைச் சிரித்தபடி ஒப்புக்கொள்வார்கள்). ஒரு புதிரின் நடுவில் நேரம் முடிந்து, மறுபடி அதே பாதையில் பறந்து வர வேண்டியிருக்கிறது. ஆழ்கடலும் இருளும் தாங்க முடியாத அச்சம் தருகின்றன. இக்குறைகளுக்குக் கிடைக்கும் மறுமொழிதான் என் கவனத்துக்குரியது. ‘நீங்கள் இன்னும் போதிய தூரம் போகவில்லை’ என்பார்கள். போதிய தூரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சொல்ல முடியாது என்பார்கள்.

அன்பினால் தொடங்கிய மௌனம் அதிகாரமாக மாறும் இடம் இது. தன் ஆதாரத்தைக் காட்ட மறுக்கும் புகழ்ச்சியோடு எவரும் வாதிட முடியாது. விமர்சனத்தின் முதல் நிபந்தனை, பேசப்படும் பொருள் இரு தரப்பாருக்கும் முன்னால் மேசைமேல் இருப்பது. இங்கு ஒரு தரப்பு அதைக் கையில் மூடி வைத்திருக்கிறது. முடிவுவரை சென்றவர் மட்டுமே பேசத் தகுதியுள்ளவர் என்றும், முடிவுவரை சென்றவர் பேசக்கூடாது என்றும் ஒரே மூச்சில் சொன்னால், எஞ்சுவது வழிபாடு மட்டுமே.

வழிபாடு என்ற சொல்லை யோசித்தே இட்டேன். ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸில் பண்டைக் காலத்தில் பல நூற்றாண்டுகள் நடந்த இரகசியச் சடங்குகளைக் கிரேக்க வரலாறு பயில்வோர் அறிவர். ஆயிரக்கணக்கானோர் தீட்சை பெற்றார்கள். அனுபவம் தம் வாழ்வையும் மரணத்தைக் குறித்த அச்சத்தையும் மாற்றியதாகச் சொன்னார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சடங்குகளை இழிவுபடுத்தியதாகக் கி.மு. 415இல் அல்கிபியாடீஸ்மீது எழுந்த குற்றச்சாட்டு அவருடைய அரசியல் வாழ்வையே திசைமாற்றியது. இன்று உட்செய்தியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சில துணுக்குகளில் முக்கியமானவை அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் போன்ற கிறித்தவ எழுத்தாளர்கள் தந்தவை. சடங்கைக் கண்டிக்க எழுதியவர்கள் அவர்கள். காக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. அன்பர்கள் மௌனம் காத்தார்கள். பகைவர்கள் வழியே செய்தி பிழைத்தது.

அவுட்டர் வைல்ட்ஸ் கருத்துரைகளிலும் இதே தலைகீழ் நிலையைக் காண்கிறேன். எந்தப் புதிர், எந்த இடம், எந்தக் காட்சி, எது ஏன் ஏமாற்றியது என்று விளையாட்டின் உட்கூறுகளைப் பெயர் சொல்லி விவரிப்பவை பெரும்பாலும் எதிர்மறைக் கருத்துரைகளே. வருங்கால ஆய்வாளர் ஒருவருக்கு விளையாட்டே இயங்காமல் போய்க் கருத்துரைகள் மட்டும் எஞ்சினால், அது எப்படிப்பட்டது என்பதை அவர் அதைப் பிடிக்காதவர்களிடமிருந்துதான் அறிய வேண்டியிருக்கும். சான்றின் நம்பகத்தை எழுதியவரின் பரிவைக் கொண்டு அளக்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. அதைக் கைவிட இது நல்ல பயிற்சி.

அப்படியானால் அன்பர்களின் கருத்துரைகள் வெற்றுரைகளா? இல்லை. கதையைச் சொல்லத் தடை இருப்பதால் அவர்கள் வேறெதையோ சொல்லித் தீர வேண்டியிருக்கிறது. கதைச்சுருக்கம் எழுதும் வாய்ப்பிருந்தால் மதிப்புரையாளர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். நாளிதழ் மதிப்புரைகளில் நாம் நாள்தோறும் காண்பது அதைத்தான். அந்த ஒளிவிடம் அடைக்கப்பட்டதும் எழுதுபவரே வெளியில் வந்து நிற்கிறார். தாயையோ நண்பரையோ இழந்த காலத்தில் விளையாடியதாக எழுதுகிறார்கள். முடிவடைவதைக் குறித்து இருந்த அச்சம் தணிந்ததாக எழுதுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட இசையைக் கேட்டால் இப்போதும் தொண்டை அடைப்பதாகச் சொல்கிறார்கள். ஆண்ட்ரூ பிராலோவின் இசையில் பாஞ்சோ, குழல், மவுத்தார்கன், முரசு, சீழ்க்கை எனத் தனித்தனியே ஒலிக்கும் பயணிகளின் இசையைத் தொடக்க நேரத்திலேயே எவரும் கேட்கலாம். படைப்பின் உள்ளடக்கம் முற்றிலும் விலக்கப்பட்டு, அதன் விளைவு மட்டும் பதிவான ஆவணத் தொகுதி இது. வாசிப்பு வரலாற்றாய்வாளர் ஏங்கித் தேடிய வாசகர் மனம், தேடாத இடத்தில், இந்த வடிவத்தில் கிடைத்திருக்கிறது.

இவற்றுள் திரும்பத் திரும்ப வரும் விருப்பம் ஒன்று உண்டு: அனைத்தையும் மறந்துவிட்டு முதன்முறையாக மீண்டும் விளையாட வேண்டும். பிடித்த நூலைப் பற்றியும் இப்படிச் சொல்வதுண்டுதான். அங்கே அது உபசார வார்த்தை. நூலை மறுவாசிப்புச் செய்யலாம். இங்கு மறுவாசிப்பு என்ற ஒன்றே இல்லாததால் அச்சொல் நேர்ப்பொருளில் நிற்கிறது. ஆகவே அவர்கள் பிறர் விளையாடுவதைப் பார்க்கிறார்கள். முதன்முறை விளையாடும் ஒருவரின் பல மணி நேரக் காணொளியை, விடை தெரிந்தவர்கள் வாய் திறவாமல் பார்த்திருக்கிறார்கள். பிறருடைய அறியாமையின் வழியே தம் அறியாமையை நினைவுகூரும் இந்தப் பழக்கத்துக்கு நிகரான ஒன்றை வாசிப்பின் வரலாற்றில் தேடிப் பார்க்கிறேன். பேரக்குழந்தை ஒரு கதையை முதல்முறை கேட்கும்போது முகத்தையே பார்த்திருக்கும் பாட்டியைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

ஸ்டீமில் வெளியான 2020 ஜூன், பெருந்தொற்றினால் உலகின் பெரும்பகுதி வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். இழப்பைப் பற்றிய கருத்துரைகளை உடனே அதனுடன் முடிச்சுப்போடத் தோன்றும். முன்பே, 2019இலேயே, அதே தொனி இருந்தது என்பதால் அந்த முடிச்சை நான் போடவில்லை. 2020 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா, ஆண்டின் சிறந்த விளையாட்டு, விளையாட்டு வடிவமைப்பு, புதுப் படைப்பு என மூன்று விருதுகளை இதற்கு அளித்தது. கதையாடலுக்கான விருது ‘டிஸ்கோ எலீசிய’த்துக்குப் போனது. கதையால் தாங்கள் மாறிவிட்டதாக ஆட்டக்காரர்கள் சொல்லும் ஒரு படைப்பு வடிவமைப்புக்காகப் பரிசு பெற்றது எனக்கு வியப்பாக இல்லை. இதில் கதை என்பது சொல்லப்படுவதன்று. ஆட்டக்காரர் தோண்டியெடுத்துத் தாமே கோத்துக்கொள்வது.

இந்தத் தோண்டலைப் பற்றி வரலாற்று மாணவர்களிடம் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். (இப்பத்தி தொடக்கப் பகுதியைச் சற்றுத் தாண்டுகிறது. விளையாட விரும்புவோர் அடுத்ததற்குப் போகலாம்.) நோமாய் எழுத்துகள் கல்வெட்டுப் போல அரசாணைகளோ மெய்க்கீர்த்திகளோ அல்ல, உரையாடல்கள். ஒருவர் எழுதத் தொடங்குவார். அதன் சுருளிலிருந்து கிளை பிரிந்து மற்றொருவர் மறுமொழி எழுதுவார். அதிலிருந்து இன்னொரு கிளை. ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயர் உண்டு. அவர்கள் ஒரு கணக்கீட்டைப் பற்றிச் சச்சரவிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் கவலைப்படுகிறார்கள். ஒரு சுவரில் பாதியில் நிற்கும் வாதம் வேறொரு கோளில் தொடர்கிறது. சில மணி நேரத்தில் ஆட்டக்காரர் இன்னார் இப்படித்தான் எழுதுவார் என்று கையெழுத்து அறிந்தவர்போல் ஆகிவிடுகிறார். ஆவணக்காப்பகத்தில் இறந்தோரின் குரல் ஆய்வாளரை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்று ஆர்லெட் ஃபார்ஜ் 1989இல் ஒரு சிறு நூலே எழுதினார். அந்த அனுபவத்தை வரலாற்றுத் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு உண்டாக்கிக் காட்டிய படைப்புகள் மிகக் குறைவு. தங்களைத் தொல்லியலாளராக உணர்ந்ததாகப் பல ஆட்டக்காரர்கள் எழுதுவது அலங்காரமன்று. விளையாட்டுக்குள்ளேயே ரீபெக் என்றொரு தொல்லியலாளர் இருக்கிறார்: விண்வெளி என்றாலே நடுங்குபவர், பழையதை அறியும் ஆவல் அச்சத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருந்ததனால் மட்டும் புறப்பட்டு வந்தவர். நம் துறையினருக்கு இவ்வளவு நேர்மையான உருவப்படம் வேறெங்கும் வரையப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

2021 செப்டம்பரில் வந்த ‘எக்கோஸ் ஆஃப் தி ஐ’ என்னும் விரிவாக்கம் கருத்துகளைப் பிளந்தது. அதில் இருளும் அச்சமும் கூடுதல். சிலர் அதை மூலத்தைவிட மேலாக மதித்தார்கள். சிலருக்கு அச்சமூட்டும் பகுதிகளைக் கடக்கவே இயலவில்லை. மௌன மரபின் உண்மையான நெருக்கடியும் இங்குதான் வந்தது. எதையும் தெரிந்துகொள்ளாமல் போ என்று நண்பருக்குச் சொல்கிறீர்கள். அந்நண்பரோ அத்தகைய அச்சத்தால் உடல் பாதிக்கப்படக்கூடியவர். இப்போது மௌனம் அன்பா, தீங்கா? உருவாக்கியவர்கள் முன்னெச்சரிக்கை ஒன்றை வைத்து, அச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் தெரிவையும் சேர்த்தார்கள். ஆட்டக்காரர்களும் தம் மரபைத் திருத்திக்கொண்டார்கள்: எதையும் படிக்காதே என்பதோடு, ‘ஆனால் அச்சக் குறைப்புத் தெரிவு ஒன்று உண்டு என்பதை அறிந்துகொள்’ என்ற துணைவாக்கியம் சேர்ந்தது. முழு மௌனத்தில் அவர்களே தெரிந்து வைத்த முதல் ஓட்டை அது. எவ்வளவு சொன்னால் காக்கும், எவ்வளவு சொன்னால் கெடுக்கும் என்று கூடிப் பேசி எல்லை வகுத்த அந்த விவாதங்களை, நெறிமுறை உருவாக்கத்தின் ஆவணமாகவே நான் வாசிக்கிறேன்.

முடிவாகச் சில நடைமுறைச் செய்திகள். இச்சான்றுகள் அனைத்தும் நிறுவனங்களின் கைப்பொருள். முதல் ஆதரவாளர்கள் பேசிய ஃபிக், 2020இல் ரிபப்ளிக் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஸ்டீம் கருத்துரையை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், நீக்கலாம். திருத்தினால் நாம் படிப்பது கடைசிப் பாடம் மட்டுமே, பாடபேதங்கள் கிடையா. கறுப்புத் திரைக்குள் எழுதியவை, திரையை விலக்கும் வசதி இல்லாத நகலெடுப்பில் எப்படி எஞ்சும் என்பதையும் திரட்டும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். முதன்முறை விளையாடுவோரின் காணொளிகளை இக்கருத்துரைகளோடு சேர்த்தே திரட்டுவது நல்லது. எழுத்தில் மறைத்தவை அனைத்தும் அங்கே முகத்திலும் குரலிலும் இருக்கின்றன: பெருமூச்சு, தாளில் பென்சில் கிறுக்கும் ஒலி, திடீரென்று பேச்சு நின்றுபோகும் அந்த நீண்ட நொடிகள்.

பின்னூட்டம் இடுவோருக்கு ஒரு வேண்டுகோள். விளையாடி முடித்தவர்கள் கதையை வெளியிடாமல் எழுதுங்கள். இன்னும் தொடங்காத மாணவர்கள் சிலர் இதை வாசிக்கிறார்கள்.